நேற்றைய மன்னா

(பழைய மாணவர் கூடுகையின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரிச் சிற்றாலயத்தில் நடந்த ஸ்தோத்திர ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். பழைய மாணவன் கையில் மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் என்னைப் போட்டிருக்கிறார். பிரியாணி வாசம் வந்தால் நான் தானாகவே நிறுத்திவிடுவேன் என்ற நம்பிக்கை அவருக்கு. அதுவும் ஒருவகை விசுவாசந்தான்!

1970-ஆம் ஆண்டு பி.யு.சி. வகுப்பில் சேர்ந்து, 1974-இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்து இந்த வளாகத்தை விட்டு வெளியே போனேன். இந்த ஆலயத்தில் இடதுபுறம் மூன்றாவது பெஞ்சு எனக்குச் சொந்தம் மாதிரி. மாணவர் ஜெபக்குழுவுக்கு இரண்டு வருடம் நான்தான் செயலாளர். காலை ஐந்து மணிக்கு விடுதி அறை அறையாகக் கதவைத் தட்டி நண்பர்களை ஜெபத்துக்கு எழுப்புவேன். தட்டுவதோடு நிற்காமல் தண்ணீரும் தெளிப்பேன் என்று இங்கே சிலர் நேற்று இரவு சாட்சி சொன்னார்கள். உண்மைதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அன்றாட வாழ்வில் விசுவாசம் என்பது. இதைப்பற்றிப் பிரசங்கம் செய்ய நான் போதகர் அல்ல. ஒரு தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் பியூரெட்டையும் பிப்பெட்டையும் பிடித்துக்கொண்டு நின்றவன். அதன்பிறகு ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஆகையால் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு பாடத்தை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பாடத்துக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே கட்டணம் கட்டியிருக்கிறேன்.

வனாந்தரத்தில் ஒரு பாடம்

யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து கலர் அடித்திருப்பீர்கள். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் பசியால் முறுமுறுக்கிறார்கள். கர்த்தர் மன்னாவைத் தருகிறார். ஆனால் கூடவே ஒரு கணக்கையும் தருகிறார். ஆளுக்கு ஓர் ஓமர். காலையில் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் உருகிப்போகும். மறுநாளைக்கு என்று மிச்சம் வைக்கக் கூடாது.

சிலர் கேட்கவில்லை. நாமாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். நாளைக்கு வருமோ வராதோ, இன்றைக்கே நாலு படி கூடுதலாக எடுத்து வைப்போம் என்றுதானே நினைப்போம்? எடுத்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் புழு பிடித்து நாற்றம் எடுத்துவிட்டது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு சேர்த்தார்கள். ஓய்வுநாளுக்காக வைத்த அந்தப் பங்கு கெடவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல்நாள் எடுத்த மன்னா போலி மன்னா அல்ல. அதுவும் கர்த்தர் தந்ததுதான், நல்ல மன்னாதான். நேற்று அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பசி அடங்கியது, பெலன் வந்தது. ஆனாலும் அது நேற்றையது. அதுதான் அதிலுள்ள ஒரே குறை.

இயேசு சீஷர்களுக்குக் கற்றுத்தந்த ஜெபத்தைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறோம். அதில் ஆகாரத்தைப்பற்றி வருகிற விண்ணப்பம் இன்றைய தினத்துக்கு மட்டுமானது. இந்த மாதத்துக்கு என்றோ, ஓய்வு பெற்ற பிறகும் சேர்த்து என்றோ அதில் இல்லை. அந்த ஜெபத்தை வேகமாகச் சொல்லிப் பழகியதால் இதை நான் நாற்பத்தேழு வயதுவரை கவனிக்கவே இல்லை.

புட்டியின் மேல் சீட்டு

வேதியியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மற்றவர்களும் பயப்பட வேண்டாம், சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை. சோதனைக்கூடத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரித்துப் புட்டியில் ஊற்றி, ‘டெசிநார்மல்’ என்று சீட்டு ஒட்டி வைப்போம். அன்றைக்கு அது சரிதான். ஆனால் அந்தக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அதன் வலு மாறிப்போகும். பார்த்தால் தெரியாது. நிறம் மாறாது, மணம் மாறாது. சீட்டு மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால், இதோ என் பேராசிரியர் ஐயா எங்களை ஓயாமல் கேட்பார்: “இன்னிக்கு ஸ்டாண்டர்டைஸ் பண்ணினியாடா?” ஆக்ஸாலிக் அமிலத்தைச் சரியாக நிறுத்தெடுத்து, அதற்கு எதிரே கரைசலை டைட்ரேட் செய்து, இன்றைக்கு அதன் வலு என்ன என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்ற வேலை. “போன வாரம் பண்ணினேன் சார்” என்றால் வெளியே போய் நிற்க வேண்டியதுதான். நானும் நின்றிருக்கிறேன்.

கரைசலுக்குச் செய்ததை என் ஆத்துமாவுக்கு நான் செய்யவில்லை. ‘ஜெபக்குழுச் செயலாளர், 1972 முதல் 1974 வரை’ என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு வெளியே போனேன். அந்தச் சீட்டை இருபத்தைந்து வருடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு தவறாமல் ஆலயம், மாதம் தவறாமல் சந்தா, வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே என்ன வலு இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அது எங்கே முதலில் வெளியே வந்தது தெரியுமா? ஒரு கையெழுத்தில். 1988-இல் ஒரு மாதக் கடைசி. லாரி வாசலில் நிற்கிறது. சரக்கு வெளியே போக என் சோதனைச் சான்று வேண்டும். முழுச் சோதனைக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். மேலதிகாரி வந்து, “போன பேட்ச் மாதிரிதானே சார் இருக்கும்? அதே நம்பரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார். போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. சரக்கு திரும்பி வரவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒன்றும் ஆகாததுதான் ஆபத்து. அடுத்த முறை கை நடுங்கவில்லை. அதற்கடுத்த முறை அவர் கேட்பதற்கு முன்னாலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆலயத்துக்குப் போய் வேதபாடம் வாசித்தேன்.

அன்பானவர்களே, நான் கடவுள் இல்லை என்று சொல்லிவிடவில்லை. யாரோடும் விவாதம் பண்ணவில்லை. போன பேட்ச் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலோருடைய விசுவாசம் கெடுவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ரயில் நிலையத்துப் பெஞ்சு

2001-ஆம் ஆண்டு நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். அதற்கு முன்பே ஏழு மாதச் சம்பளம் பாக்கி. எனக்கு வயது நாற்பத்தேழு. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு பொறியியல் படிக்க வேண்டும் என்று விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாள். வாடகை வீடு.

அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக் கூடாது என்று தினமும் காலை வழக்கம்போல் சட்டையை உள்ளே விட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ரயில் நிலையத்தில் கடைசிப் பெஞ்சில் போய் உட்காருவேன். மத்தியானம் அங்கேயே சாப்பிடுவேன். சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வீடு திரும்புவேன். மனைவிக்கு மட்டும் தெரியும்.

அங்கே உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்று முயற்சி பண்ணினேன். வரவில்லை. ஜெபக்குழுச் செயலாளருக்கு ஜெபம் வரவில்லை! விடுதியில் நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. நாளையைப்பற்றிக் கவலைப்படாதே என்று எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறேன். அந்த நினைவுகளைப் பிசைந்து சாப்பிடப் பார்த்தேன். புழு நெளிந்தது. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிவிட்டது என்பதுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் ஒரு நாள் காலை சமையலறைப் பக்கம் போனேன். என் மனைவி உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், வழக்கம்போல் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து ஓரமாயிருந்த சின்னப் பானையில் போட்டாள். கைப்பிடி அரிசி. நம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி கர்த்தருக்கு. அதைச் சேர்த்து ஆலயத்தில் படைப்பார்கள், ஏலம் போட்டு ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். இந்த ஒரு பிடியை அற்பமாக எண்ண வேண்டாம். மிசோரத்துத் திருச்சபைகளில் 1910 முதல் பெண்கள் இந்தப் பழக்கத்தை நடத்தி வருகிறார்கள். அங்கே ஊழியத்துக்கு அது பெரிய வருமானம். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், நம் மக்களின் காணிக்கையை நம்பியே தொடங்கினார்கள். அதில் முன்நின்ற வெள்ளாளன்விளை அசரியா பிற்காலத்தில், 1912-இல், தோர்ணக்கல் பேராயரானார்.

அன்று காலை எனக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது. “நமக்கே அளந்து போடுற நிலைமை. இதுல சர்ச்சுக்கு எதுக்கு ஒரு பிடி?” என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “இந்த ஒரு பிடியை வச்சுக்கிட்டா நாம பணக்காரங்களா ஆயிடுவோமாங்க? இன்னிக்கு உலை வைக்க அரிசி இருக்கு. இருக்குன்னு சொல்றதுக்குத்தான் இந்த ஒரு பிடி.”

நான் பதில் பேசாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை என் கூடவே ரயில் நிலையத்துக்கு வந்தது. நான் நாளைக்கு இல்லை, அடுத்த மாதம் இல்லை, மகளின் கல்லூரிக்கு இல்லை என்று இல்லாததையே எண்ணிக்கொண்டிருந்தேன். அவளோ இன்றைக்கு இருப்பதை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் ஜெபித்தேன். நீளமான ஜெபம் இல்லை. “ஆண்டவரே, இன்னிக்கு நான் என்ன செய்யணும்?” அவ்வளவுதான்.

வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. அன்று நான் எழுந்துபோய் வட்டிக்கடைக்குப் பக்கத்திலுள்ள ஒரு மருந்துக் கம்பெனி விற்பனைக் கிளையில் வேலை கேட்டேன். இல்லை என்றார்கள். மறுநாளும் அதே ஜெபம், வேறொரு இடம், அதே பதில்.

பெஞ்சுக்குப் போக ஆரம்பித்த பதினோராவது நாள், “டேய், நீ எங்கடா இங்கே?” என்று ஒரு குரல். விடுதியில் எனக்கு அடுத்த அறைக்காரன். நான் தண்ணீர் தெளித்தும் ஒருநாளும் ஜெபத்துக்கு வராதவன். அவன் இந்து சமயத்தவன், ஏன் வரவேண்டும்? என்னை எழுப்பி விட்டுவிட்டாயே என்று திட்டுவதற்கு மட்டும் வருவான். டிபன் பாக்ஸையும் என் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டான். ஊரில் ஒரு டுடோரியல் நடத்திக்கொண்டிருந்தான். “ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கு ஆள் வரலடா. நாளைக்கு ஒரு நாள் வந்து எடு. அப்புறம் பார்த்துக்கலாம்” என்றான். எனக்குப் பழக்கமில்லையே என்று தயங்கினேன். அப்போது அவன் சொன்னான்: “நீதானடா ஹாஸ்டல்ல சொல்லுவே, உங்க சாமி ஒருத்தனையும் கைவிடமாட்டாருன்னு. எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கு. உனக்கு மறந்துட்டா?”

நான் மறந்துதான் போயிருந்தேன். நான் தின்ன முடியாமல் கெட்டுப்போனதை, என் நண்பன் இருபத்தேழு வருடம் தன் ஞாபகத்தில் கெடாமல் வைத்திருந்து எனக்கே திருப்பித் தந்தான். அந்த நண்பன் இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்கச் சொன்னால் அடிக்க வருவான், அதனால் சொல்லவில்லை.

நாளைக்கு ஒரு நாள் என்று போனவன் பதினாறு வருடம் பாடம் எடுத்தேன்.

கேட்டதெல்லாம் கிடைத்ததா?

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல சாட்சியாக இருக்கும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆனால் மாணவர்கள் முன்னால் பாதி உண்மை சொல்லக் கூடாது.

என் மகளைப் பொறியியல் படிக்க வைக்க முடியவில்லை. அரசுக் கல்லூரியில் கணிதம் படித்தாள். இன்று நல்ல ஆசிரியை. ஆனாலும் அந்த ஏக்கம் அவளுக்குப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு வரவேண்டிய பணம் 2009-இல்தான் வந்தது, அதுவும் பாதிக்குக் குறைவாக. 2017-இல் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாங்கள் ஜெபித்தோம். சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். 2018-இல் அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

விசுவாசம் குறைவாக இருந்ததால் சுகம் கிடைக்கவில்லை என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். தயவுசெய்து நீங்கள் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள், அது போதும்.

வேலூர் மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸைப்பற்றி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இழந்த நடை திரும்பி வரவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் மறையும்வரை அந்தச் சக்கர நாற்காலிதான். நம்முடைய கணக்குப்படி அவருடைய ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வேலையும் அதைச் செய்யப் பெலனும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவரைப்போல் எழுந்து நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு அதனால் வாழ்வு கிடைத்தது.

கடவுளை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்காருவதும் விசுவாசம் அல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836-இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்த ஜார்ஜ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதரிடம் போய்ப் பணம் கேட்பதில்லை, ஜெபிப்பது மட்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட ஒழுங்கு. பல நாட்கள் அன்றைய செலவுக்கு மட்டுமே கையில் இருந்தது. ஆனால் வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார், வருடந்தோறும் அறிக்கை அச்சிட்டார். 1898-இல் அவர் இறப்பதற்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். மன்னா வானத்திலிருந்து வந்தாலும், குனிந்து பொறுக்கியது மனிதர்தான். குனியாதவனுக்கு அங்கேயும் பட்டினிதான்.

மாணவர்களுக்கு நாலு வார்த்தை

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கல்லூரி வளாகத்தில் விசுவாசமாக இருப்பது சுலபம். மணி அடித்தால் ஆலயம், கூப்பிட நண்பர்கள், பாட ஒரு பாடகர் குழு. வெளியே போனால் மணி அடிக்க ஆள் இல்லை. அதற்காக நான் இன்று செய்கிற நாலு காரியத்தைச் சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

முதலாவது, காலையில் பத்து நிமிடம். செல்போனை எடுப்பதற்கு முன்னால். ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம். ருசியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். மன்னா பொறுக்கப் போனவர்கள் எல்லா நாளும் பாட்டுப் பாடிக்கொண்டு போயிருப்பார்களா என்ன? வெயில் ஏறுவதற்குள் போனார்கள், அதுதான் முக்கியம்.

இரண்டாவது, ஜெபத்தில் இன்றைய காரியம் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்று பொதுவாக ஜெபித்தால் கேட்டது எது, கிடைத்தது எது என்று நமக்கே தெரியாது. இன்று பேச வேண்டிய கடினமான ஒரு பேச்சு, இன்று கட்ட வேண்டிய ஒரு பாக்கி, இன்று பார்க்க வேண்டிய ஒரு நோயாளி. இரவில் படுக்கும்முன் அது என்ன ஆயிற்று என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் அப்படிச் சொன்னதற்காகக் கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, உங்கள் கையெழுத்து. சோதிக்காத சோதனைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் இதற்குச் சமமான ஒன்று அங்கே இருக்கும். வங்கியில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு மாதிரி. அந்த நாலு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், லாரி நிற்கட்டும். அதனால் வேலைக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வரலாம். அப்போதுதான் விசுவாசம் என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியும்.

நாலாவது, ஒரு பிடி. உங்களுக்கு எவ்வளவு வருமானம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, தினமும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் என் மனைவி படுத்திருந்தபோது என்னிடம், “என்னங்க, இன்னிக்கு அரிசி எடுத்து வச்சீங்களா?” என்று கேட்டாள். “நான் கேன்டீன்லதானே சாப்பிடுறேன், உலை எங்கே வச்சேன்?” என்றேன். “அப்போ பத்து ரூபா எடுத்து வைங்க” என்றாள். அவள் போன பிறகும் அந்தப் பானை எங்கள் வீட்டில் அதே ஓரத்தில்தான் இருக்கிறது. இன்று நான்தான் எனக்குச் சமைத்துக்கொள்கிறேன். அரிசி களையும் முன்னால் ஒரு பிடி எடுத்துப் போடும்போது, சில நாள் கண்ணில் நீர் வரும். சில நாள் ஒன்றும் வராது. இரண்டு நாளும் ஒரு பிடி ஒரு பிடிதான். இன்றைக்கு இருக்கிறது என்று சொல்வதற்காக.

இங்கே மற்றச் சமயத்து நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் என் வேதத்தின் பாஷையில் பேசினேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றன்று புதுப்பிக்காத நட்பும், அன்றன்று புதுப்பிக்காத நேர்மையும்கூட இப்படித்தான் கெட்டுப்போகும் என்பது உங்களுக்கும் தெரிந்ததே.

பெட்டிக்குள் வைத்த ஓமர்

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிரியாணி வாசம் வந்துவிட்டது.

அதே பதினாறாம் அதிகாரத்தின் முடிவில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு ஓமர் மன்னாவைக் கலசத்தில் எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லி மோசே ஆரோனுக்குக் கட்டளை கொடுக்கிறார். பின்வரும் சந்ததியார் பார்க்கும்படியாக. ஒரு நாளைக்கு மேல் தாங்காத மன்னா, அந்தக் கலசத்தில் தலைமுறை தலைமுறைக்கு இருக்கும்படி வைக்கப்பட்டது. அது சாப்பிடுவதற்கு அல்ல, சாட்சிக்கு.

பழைய மாணவர் சங்கமும், இந்தக் கூடுகையும், நாளை உங்கள் கைக்கு வரப்போகும் மலரும் அந்தக் கலசம் மாதிரிதான். நேற்று இரவு விடுதி மாடியில் இரண்டு மணிவரை உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசினோம். சிரித்தோம், இல்லாமல் போனவர்களை நினைத்து அழுதோம். எல்லாம் நல்லது. ஆனால் அந்த நினைவுகளை வைத்து நம் பசியை ஆற்றிக்கொள்ள முடியாது. ‘எங்கள் காலத்தில்’ என்று பேசிக்கொண்டே நாம் நாள்களைக் கடத்திவிடலாம். நம் காலம் என்பது 1974 அல்ல, நாளை திங்கட்கிழமை. அப்படியானால் பழைய நினைவு வீணா? இல்லவே இல்லை. ஒரு நண்பன் ஏதோ ஒரு பெஞ்சில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கும் நாளில், அவன் மறந்துவிட்டதை அவனுக்கு எடுத்துச் சொல்ல நாம் ஒருவருக்கொருவர் வேண்டும். அதற்காகத்தான் ஒருவரையொருவர் ஞாபகத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஊருக்குப் போவதற்கு முன்னால், இந்தக் கூடுகைக்கு வராத உங்கள் வகுப்புத் தோழர் ஒருவருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள்.

நாற்பது வருடம் கழித்து இஸ்ரவேலர் கானானுக்குள் வந்து, அந்த மண்ணின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோனது. மன்னா நின்றது, கர்த்தர் நிற்கவில்லை. அன்றுமுதல் நிலத்தை உழுது சாப்பிட வேண்டியதாயிற்று. என் வீட்டிலும் நான் பழகிய பல காரியங்கள் நின்றுபோயின. சம்பளம் நின்றது. டுடோரியலும் பின்னர் நின்றது. எனக்காக உலை வைத்த கை நின்றுபோனது. ஆனாலும் இன்று காலை நான் கண்விழித்தபோது, இன்றைக்கு வேண்டியது இருந்தது. இந்த ஆலயத்தில் உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்லும் வாய்ப்பும் அதில் ஒரு பங்கு.

நாளைக் காலை மறுபடியும் போய்ப் பொறுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் போவோம்.

 கர்த்தர் தாமே நம் கல்லூரியையும், உங்கள் குடும்பங்களையும் காத்து நடத்துவாராக.